நேரு விளையாட்டரங்கில் ஓர் இயற்பியல் பாடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சென்னை மாநகரின் நடுவே, கூவம் ஆறு மூன்று புறமும் வளைத்துச் செல்லும் இடத்தில் அமைந்துள்ளது சிந்தாதிரிப்பேட்டை. 1734-ஆம் ஆண்டளவில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக எழுந்த ஊர் இது. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். இன்று தறியோசை இல்லை. விடியற்காலையில் மீன் மார்க்கெட்டின் ஆரவாரமே எங்கள் பேட்டையைத் துயிலெழுப்புகின்றது.

இங்கிருந்து கூவத்தைக் கடந்து வடக்கே நடந்தால் இரயில் பாதை வரும். அதற்கு அப்பால் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை. 1913-இல் திறக்கப்பட்ட வெண்ணிற ரிப்பன் மாளிகையைத் தாண்டி அதன் பின்புறம் சென்றால் பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் நம் கண்முன் நிற்கும். பேருந்து ஏற வேண்டிய தேவையே இல்லாத தொலைவு. ஆயினும் இருபது ஆண்டுகளாக அதன் வெளிச்சுவரை மட்டுமே கண்டிருந்தேன். எங்கள் உடற்கல்வி இயக்குநர் அவர்கள் சென்ற பருவத்தில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றபோதுதான் முதன்முறையாக உள்ளே கால் வைத்தேன்.

ஆட்டம் இல்லாத நாள் அது. 'ஆட்டம் இல்லாத அரங்கில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று நண்பர்கள் நகைத்தனர். ஆட்டம் நடக்கும்போது கண் பந்தைவிட்டு அகலாது. ஆட்டம் இல்லாதபோதுதான் அரங்கையே பார்க்க முடியும். அன்று நான் பார்த்தவற்றையும், பின்னர் நூலகத்தில் அமர்ந்து கணக்கிட்டவற்றையும் மாணவத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடத்தின் வரலாறு

இந்த அரங்கம் நிற்கும் நிலப்பகுதி ஒரு காலத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்று அழைக்கப்பட்ட பெரும் பூங்காவாகும். 1859-இல் சென்னை ஆளுநராயிருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் முயற்சியால் அது உருவாயிற்று. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் குழந்தைப் பருவத்தில் கண்டு களித்த மிருகக்காட்சி சாலை இங்குதான் இருந்தது. 1985-இல் அது வண்டலூருக்கு மாற்றப்பட்டது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட்டும் அருகிலேயே இருந்தது. அதே 1985-ஆம் ஆண்டு மே மாதம் தீக்கு இரையாயிற்று.

இப்பகுதியில் முன்பு இருந்தது மாநகராட்சி விளையாட்டரங்கம். சேப்பாக்கத்தையே நினைக்கும் கிரிக்கெட் அன்பர்களுக்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் இந்த மாநகராட்சி அரங்கில்தான் நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்குதான். அந்தச் சாதனை 2008 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, முறியடிக்கப்படாமல் இருந்தது. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை வென்று, அந்நாட்டுக்கு எதிரான டெஸ்ட் தொடரை இந்தியா முதன்முறையாகக் கைப்பற்றியதும் இங்கேதான்.

பழைய அரங்கின் இடத்தில் இன்றைய அரங்கம் எழுந்தது 1993-இல். அவ்வாண்டு ஜனவரியில் நடந்த நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காக இது விரைந்து கட்டி முடிக்கப்பட்டது. அக்கோப்பையை வட கொரியா வென்றது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடைபெற்றன. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அணிக்கு இதுவே சொந்தக் களமாயிற்று. 2018 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் சென்னை அணி இங்கு 3–0 என்று வென்றது. அந்த மூன்று கோல்களில் ஒன்று வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் அடித்தது. வடசென்னைத் தெருக்களில் பந்து உதைத்துப் பழகிய ஓர் இளைஞனின் பெயரை அரங்கம் முழுவதும் கூவி அழைத்த நாள் அது.

ஓட்டப்பாதையின் கணக்கு

உள்ளே நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது பசும்புல் தரையைச் சுற்றி ஓடும் செந்நிற ஓட்டப்பாதை. கால்பந்துக்கும் தடகளத்துக்கும் பொதுவான அரங்கம் இது. 400 மீட்டர் ஓட்டப்பாதை என்கிறோமே, அந்த 400 எப்படிக் கிடைக்கிறது?

உலகெங்கும் பின்பற்றப்படும் அளவின்படி, பாதையில் இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு அரைவட்டங்களும் உண்டு. ஒவ்வொரு நேர்ப்பகுதியும் 84.39 மீட்டர், அரைவட்டத்தின் ஆரம் 36.5 மீட்டர். ஓடுபவர் விளிம்பின்மேல் கால் வைத்து ஓடுவதில்லை என்பதால், விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள். ஆகவே ஆரம் 36.8 மீட்டர் ஆகிறது. இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்து ஒரு முழு வட்டம். அதன் சுற்றளவு 231.22 மீட்டர். இரண்டு நேர்ப்பகுதிகள் 168.78 மீட்டர். கூட்டினால் சரியாக 400!

இனி, இந்தப் பாதைக்குள் கால்பந்து மைதானம் அடங்குமா என்று பார்ப்போம். பன்னாட்டு ஆட்டங்களுக்கு வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பாதையின் உட்புற அகலம் 73 மீட்டர். எனவே அகலம் இடிக்காது. நீளத்தில், மைதானத்தின் நான்கு மூலைகளும் நேர்ப்பகுதியைத் தாண்டி வளைவுக்குள் பத்து மீட்டருக்குச் சற்று மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அவ்விடத்தில் வளைவின் அரை அகலம் எவ்வளவு என்று பிதாகரசு தேற்றத்தைக்கொண்டு கணித்தால் 35 மீட்டர் வருகிறது. மைதானத்தின் அரை அகலமோ 34 மீட்டர். ஆக, ஒரே ஒரு மீட்டர் இடைவெளியில் மூலைக்கொடி தப்பிக்கிறது! பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த தேற்றம் இங்கே ஒரு கொடிக்கம்பத்தைக் காத்து நிற்பதைக் கண்டேன்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குப் பார்வையாளர் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எட்டுத் தடங்கள் கொண்ட பாதையைச் சேர்த்தால், கோல் கோட்டுக்கும் பாதையின் வெளி விளிம்புக்கும் நடுவே 36 மீட்டர் இடைவெளி வந்துவிடுகிறது. பக்கவாட்டில் இருப்பவருக்கு அது 12 மீட்டர்தான். கோலுக்குப் பின்னால், முதல் வரிசையில் அமர்ந்தவருக்கே எதிர்க்கோல் 141 மீட்டருக்கு அப்பால் இருக்கும்.

கண்ணும் காதும்

141 மீட்டர் தொலைவில் பந்து எவ்வளவு பெரிதாகத் தெரியும்? பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். அதனைத் தொலைவால் வகுத்தால் கண்ணில் அது உண்டாக்கும் கோணம் கிடைக்கும். அது ஏறத்தாழ ஐந்தரைக் கலை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. முழுநிலவு நம் கண்ணில் ஏறத்தாழ முப்பது கலை அகலம் தெரிகிறது. ஆகவே எதிர்க்கோலில் உருளும் பந்து, நிலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே தெரியும். நல்ல பார்வை உடையவர் ஒரு கலை வரை பிரித்தறிய முடியும் என்பதால் பந்து தெரியத்தான் செய்யும். அது கோட்டைக் கடந்ததா இல்லையா என்று நடுவரோடு வாதாட மட்டும் அங்கிருந்து இயலாது!

ஓசைக்கும் இதே கதிதான். சென்னை வெயிலில், 30 பாகை வெப்பத்தில், ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். 141 மீட்டரைக் கடக்க அதற்கு 0.4 வினாடி ஆகும். அன்று மைதானத்தின் மறுகோடியில் சிறுவர் சிலர் பந்து உதைத்துப் பழகிக்கொண்டிருந்தனர். கால் பந்தைத் தொடுவதை முதலில் கண்டேன். 'தொம்' என்ற ஓசை பிறகுதான் வந்தது. வகுப்பறையில் மின்னலையும் இடியையும் சொல்லி விளக்கிய பாடம், ஒரு சிறுவனின் உதையில் கண்ணெதிரே நிகழ்ந்தது.

அப்பா சொன்ன தேற்றம்

அரங்கின் படிவரிசைகளில் ஏறி அமர்ந்தபோது என் தந்தையார் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குபவர். 1993-இல் நேரு கோப்பை நடந்தபோது, இளவட்டமாயிருந்த அவர் தோழர்களுடன் ஒருநாள் இங்கு வந்திருக்கிறார். அந்த ஆட்டத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் அவர் சொல்வது இதுதான்: "பந்த எங்கடா பாத்தோம்? முன்னாடி இருந்தவன் எழுந்து நின்னான், அவன் பின்னாடி இருந்தவன் எழுந்தான், கடைசில ஸ்டேடியமே நின்னுச்சு. உக்காந்து பாத்தா எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் எழுந்தா ஒருத்தனுக்கும் தெரியாது."

இது ஒரு தேற்றமே என்பதை அன்று உணர்ந்தேன். ஒத்த முக்கோணங்களைக்கொண்டு அதனை நிறுவலாம்.

முன்வரிசையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய கண், மைதானத்தின் பக்கக்கோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளியும், 5 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு படியின் அகலமும் 80 சென்டிமீட்டர். பின்வரிசைக்காரர் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது அவருடைய பார்வை, முன்னவரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே செல்கிறது என்பதே கேள்வி. படியின் உயரம் 25 சென்டிமீட்டரானால் விடை 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. 35 சென்டிமீட்டரானால் 14 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணிலிருந்து உச்சந்தலை வரை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். முதல் அமைப்பில் முன்னவரின் தலை மறைக்கும். இரண்டாம் அமைப்பில் மறைக்காது. படியில் வெறும் பத்து சென்டிமீட்டர் வேறுபாடு, ஒருவன் ஆட்டத்தைப் பார்ப்பதா அல்லது பிறர் தலையைப் பார்ப்பதா என்பதை முடிவு செய்துவிடுகிறது! மேலே செல்லச் செல்லப் படிகள் செங்குத்தாக அமைக்கப்படுவதன் காரணமும் இதுவே.

இப்போது முன்னவர் எழுந்து நிற்கட்டும். அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். நின்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல். பொறியாளர் கணக்கிட்டுத் தந்த 14 சென்டிமீட்டர், ஒரே நொடியில் ஏற்படும் 30 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட உயர்வில் அடிபட்டுப் போகிறது. அரங்கத்தின் வடிவமைப்பு முழுவதும் பிறர் அமர்ந்திருப்பார் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. அந்த நம்பிக்கையைப் பார்வையாளர்தாம் காப்பாற்ற வேண்டும். அப்பா சமன்பாடு எதுவும் எழுதவில்லை. ஆனால் விடையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

வெளிவாயில்

அப்பாவிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. திரையரங்கானாலும், கோயில் திருவிழாவானாலும், கல்யாண மண்டபமானாலும் உள்ளே போனதும் அவர் முதலில் தேடுவது வெளியேறும் வழியை. சிறுவயதில் இது எனக்கு வேடிக்கையாக இருக்கும். காரணத்தை அண்மையில்தான் சொன்னார். நான் பிறப்பதற்கு முன், ஒரு விழாக் கூட்டத்தில் அவர் நெரிசலில் சிக்கியிருக்கிறார். கை இரண்டும் உடலோடு ஒட்டிக்கொண்டு அசைக்க முடியவில்லை, கால் தரையில் படவில்லை, நெஞ்சு விரியவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு பெண் தன் குழந்தையை அவர் தோளில் ஏற்றி வைத்திருக்கிறாள். அந்தக் குழந்தை கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் கைமாறி வெளியே போனதைப் பார்த்தாராம். "கொழந்த போச்சு, நல்லா இருந்துச்சு. அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு தெரியலடா" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் குரல் தழுதழுத்தது.

அதனால்தான் அரங்கிலிருந்து திரும்பியபின் நான் மிகுதியாகப் படித்தது வாயில்களைப் பற்றி.

பண்டைய உரோமாபுரியின் கொலோசியம் அரங்கம் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கொள்ளக்கூடியது என்பர். அதற்கு எண்பது வாயில்கள். பொதுமக்களுக்கான வாயில்களின்மேல் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. தம் அனுமதி வில்லையில் உள்ள எண்ணைப் பார்த்து உரிய வாயிலில் நுழைந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாயிலின் அருமை உணரப்பட்டிருக்கிறது!

இக்காலத்தில் இதற்குத் திட்டவட்டமான கணக்கே உண்டு. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கில், ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் மாண்டனர். அதன்பின் பிரிட்டனில் 1973-இல் அரங்குகளின் பாதுகாப்புக்கென ஒரு கையேடு வெளியிடப்பட்டது. 'பசுமைக் கையேடு' என்று வழங்கப்படும் அது பன்முறை திருத்தப்பட்டுள்ளது. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் செல்லலாம். படிக்கட்டில் 66 பேர்தான். வெளியேறும் வழிகளைப் பார்வையாளர் எல்லாரும் எட்டு நிமிடங்களுக்குள் கடந்துவிட வேண்டும். இவை அக்கையேட்டின் கணக்குகள்.

நாற்பதாயிரம் பேர் அமரும் ஓர் அரங்கத்துக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். எட்டு நிமிடத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் 656 பேர் செல்வர். ஆக, சமதரையில் எல்லா வாயில்களும் சேர்ந்து 61 மீட்டர் அகலம் வேண்டும். படிக்கட்டானால் ஒரு மீட்டருக்கு 528 பேர்தான். தேவைப்படும் அகலம் 76 மீட்டராக உயர்ந்துவிடும். இந்த வாயில்களில் பாதியைப் பூட்டி வைத்தால்? எட்டு நிமிடம் பதினாறு நிமிடமாகும் என்பது ஏட்டுக் கணக்கு. உண்மையில் நிகழ்வது அதைவிடக் கொடியது.

மனிதர் நீராகும்போது

புனலில் உளுந்தைக் கொட்டிப் பாருங்கள். மெதுவாகக் கொட்டினால் தடையின்றி விழும். அவசரமாகக் கொட்டி அழுத்தினால் வாய்ப்பகுதியில் மணிகள் ஒன்றையொன்று தாங்கி வளைவுபோல் பூட்டிக்கொள்ளும்; ஒரு மணியும் விழாது. குறுகிய கதவில் மனிதர் முண்டும்போதும் இதுவே நேர்கிறது. டிர்க் ஹெல்பிங் என்பவரும் அவருடைய தோழர்களும் 2000-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பதற்றத்தில் ஒவ்வொருவரும் விரைந்து செல்ல முயலும்போது மொத்தக் கூட்டமும் வெளியேற அதிக நேரமாகிறது என்பதைக் கணிப்பொறி மாதிரியின் துணையால் காட்டினர். விரைவே தாமதம் ஆகிறது!

நின்று பார்க்கும் இடங்களில் பத்துச் சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் கூடாது என்பது பசுமைக் கையேட்டின் வரம்பு. ஒரு சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேர் என்று நெருங்கிவிட்டால் கூட்டம் தனித்தனி மனிதராக இயங்குவதில்லை. நீர்மம்போல் இயங்கத் தொடங்குகிறது. ஓரிடத்தில் ஏற்படும் தள்ளல், அலையாகப் பரவுகிறது. அங்கே எவரும் தம் விருப்பப்படி நிற்கவோ நகரவோ முடியாது. இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி இறக்கின்றனர். அப்பாவின் கால் தரையில் படவில்லை என்று சொன்னது மிகையன்று.

வரலாற்றைப் புரட்டினால் நெஞ்சம் பதறுகிறது. 1964-இல் பெரு நாட்டின் லிமா நகரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஓடியவர்கள் படிக்கட்டின் அடியில் கண்டது மூடிய கதவுகளை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். 1985-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மரத்தாலான பார்வையாளர் பகுதி தீப்பற்றி 56 பேர் இறந்தனர். பின்புற வாயில்கள் பல பூட்டிக் கிடந்தன. 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் இரும்பு வேலிக்கும் கூட்டத்துக்கும் இடையே நசுங்கியவர்களில் மொத்தம் 97 பேர் மாண்டனர். 2022 அக்டோபரில் இந்தோனேசியாவின் கஞ்சுருகான் அரங்கில் 135 பேர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி அரங்கின் வெளியே, வெற்றி விழாக் காணச் சென்றவர்களில் 11 பேர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று நம் கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர். அவர்களில் குழந்தைகளும் அடக்கம்.

இவர்கள் யார்? ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள். தமக்குப் பிடித்தவரைக் காணச் சென்றவர்கள். 'கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று' என்று மறுநாள் நாளேடுகள் எழுதுகின்றன. ஹில்ஸ்பரோவிலும் முதலில் இரசிகர்கள்மேல்தான் பழி சுமத்தப்பட்டது. அவர்கள் குற்றமற்றவர் என்று 2016-இல் மரண விசாரணை மன்றம் தீர்ப்பளிக்க இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. இயற்பியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: நீர்மமாகிவிட்ட கூட்டத்தில் தனிமனிதன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செய்ய வேண்டியவை எல்லாம் அதற்கு முன்பே செய்யப்பட வேண்டும். எத்தனை பேரை உள்ளே விடுவது, வாயில் எவ்வளவு அகலம், எந்தக் கதவு திறந்திருக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்பவையே உயிரைக் காக்கின்றன. அவை கணக்கிடக் கூடியவை. கணக்கிடக் கூடியதைக் கணக்கிடாமல் விட்டுவிட்டு, பிறகு விதியை நொந்துகொள்வது முறையாகுமா?

நாம் செய்யக் கூடியது

மாணவத் தோழர்களே, இப்பாடத்தைக் கற்க நேரு விளையாட்டரங்கம் வரை செல்ல வேண்டும் என்பதில்லை. நம் வகுப்பறைக் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். மணி அடித்ததும் ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் வெளியேறுகின்றனர் என்று எண்ணுங்கள். ஒருநாள் முண்டியடித்துச் செல்லும்போதும், மறுநாள் வரிசையாகச் செல்லும்போதும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கல்லூரி ஆண்டு விழா நடக்கும் பந்தலுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாற்காலிகளுக்கு நடுவே வழி விட்டிருக்கிறதா? பின்பக்க வாயிலின்முன் இரு சக்கர வண்டிகளை நிறுத்தியிருக்கிறோமா? நாளை நம்மில் சிலர் பொறியாளராகவும், சிலர் காவல்துறை அலுவலராகவும், சிலர் ஊராட்சித் தலைவராகவும் வரக்கூடும். ஒரு திருவிழாவுக்கோ பந்தயத்துக்கோ இசைவளிக்கும் தாளில் கையெழுத்திடும் நாளில், ஒரு மீட்டருக்கு நிமிடத்தில் 82 பேர் என்ற இந்தச் சிறிய எண் நம் நினைவில் இருக்குமானால், நாம் பெற்ற கல்வி பயனுடையதே.

அன்று மாலை வீடு திரும்பியதும் அப்பா சாய்வாக அமர்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "ஸ்டேடியம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். ஓட்டப்பாதையின் 400 மீட்டர் கணக்கையும், மூலைக்கொடி ஒரு மீட்டரில் தப்பிப்பதையும் தாளில் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "அதெல்லாம் சரி. வெளிய வர்ற வழி எத்தனைன்னு எண்ணினியா?"

எண்ணவில்லை. வாயில்களைப் பற்றி நூலகத்தில் நான் தேடத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு அப்பாவையும் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நுழைந்ததும் இருவருமாக முதலில் வாயில்களை எண்ணிவிட்டு, அதன்பின் எங்கள் இருக்கையில் அமர்ந்து, கடைசி வரை எழாமல் ஆட்டத்தைப் பார்ப்போம்.